கழிவுக் கணக்கை யார் சரிபார்ப்பது?

ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை சதுர அடி தோல் பிடிக்கும்? வேலூர் பாகாயத்தில் இதைக் கேட்டால் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கட்டிங் பிரிவில் நிற்கிறவர் ஓர் எண் சொல்வார். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவர் ஓர் எண் சொல்வார். நேர்மையான கம்பெனியில் இரண்டும் ஒன்றாக இருக்கும். ஒன்றாக இல்லாத கம்பெனியில், நடுவில் கிடக்கும் அந்தக் கால் சதுர அடி யாருடையது?

இதைத் தொழில் ரகசியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கால் சதுர அடிக்குள் உங்கள் பணமும் என் பணமும் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் தோல், சோல், பக்கிள், ஜிப், லைனிங், ரசாயனம் எதுவானாலும் அதற்குச் சுங்க வரி என்று ஒன்று உண்டு. 2020 பட்ஜெட்டில் காலணிக்கான வரி 25 விழுக்காட்டிலிருந்து 35 ஆனது. காலணிப் பாகங்களுக்கான வரி 15-லிருந்து 20 ஆனது. ஆனால் அதே பாகங்களைக் கொண்டு ஷூ தைத்து ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ அனுப்புகிறவர் அந்த வரியைக் கட்டாமலே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., அதற்கு ஓர் அனுமதி தருகிறது. இன்றைய பெயர் அட்வான்ஸ் ஆதரைசேஷன். பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் அட்வான்ஸ் லைசென்ஸ்தான். இதைப்போல வேறு வழிகளும் உண்டு. சுங்கச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி பாண்டு கிடங்குக்குள்ளேயே உற்பத்தி செய்யலாம். 75-ஆம் பிரிவின்படி, வரியை முதலில் கட்டிவிட்டு ஏற்றுமதிக்குப் பின் டிராபேக் என்று திரும்பப் பெறலாம். முந்தைய ஆண்டின் ஏற்றுமதி மதிப்பில் ஒரு வரம்புக்குள் பட்டன், ஜிப், அலங்காரப் பொருள்களை வரியில்லாமல் இறக்கலாம். வழிகள் பல, அடிப்படை ஒன்று. சரக்கு நாட்டுக்குள் தங்கக் கூடாது, வேறு பொருளாகி வெளியே போய்விட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இது நியாயமானது. ஒரு நாடு தன் வரியைப் பிற நாட்டு வாடிக்கையாளர் தலையில் ஏற்றி அனுப்பினால் அந்த நாட்டுப் பொருளை யார் வாங்குவார்கள்? உலக வர்த்தக அமைப்பின் விதியும் இதை ஏற்கிறது: ஏற்றுமதிப் பொருளுக்குள் போன சரக்கின் வரியை விலக்கினால் அது மானியம் ஆகாது, அதற்கு மேல் ஒரு ரூபாய் விலக்கினாலும் அது மானியம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்கு எவ்வளவு வலித்தது என்பதை நாம் பார்த்தோம். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற தொழிலின் கழுத்தில் உள்நாட்டு வரியையும் கட்டித் தொங்கவிடச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அரசு இந்த வரியை மன்னிக்கவில்லை. கைமாற்றாகக் கொடுத்திருக்கிறது. 18 மாதத்துக்குள் ஷூ கப்பல் ஏற வேண்டும், இறக்கிய சரக்கின் மதிப்புக்கு மேல் குறைந்தது 15 விழுக்காடு மதிப்புக் கூடியிருக்க வேண்டும், சரக்கை வேறொருவருக்கு விற்கக் கூடாது. ஏற்றினால், சுங்கத்துக்கு எழுதிக் கொடுத்த பாண்டு தீரும். ஏற்றாவிட்டால் வரியை 15 விழுக்காடு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். கைமாற்று வாங்கிய காசைச் சொந்தக் காசு போலச் செலவழிக்கிறவனுக்கு ஊரில் என்ன பெயர்?

சிக்கல் எங்கே என்றால், தோல் துணியைப் போலச் சுருளாக வருவதில்லை. ஒவ்வொரு தோலும் ஒரு தனி உயிரின் உடம்பு. உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு, கழுத்து மடிப்பு, வயிற்றோரத் தொய்வு என்று ஒவ்வொன்றிலும் அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கை பதிந்திருக்கிறது. கட்டர் தோலை மேசையில் விரிக்கிறார். உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஷூவின் முன்பக்கத்துக்குப் போகிற துண்டு முதுகுப் பகுதியிலிருந்து வர வேண்டும், முன்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே மறைகிற துண்டை ஓரத்திலிருந்து எடுக்கலாம். வெட்டும் அச்சான டையை ஒரு விரலளவு நகர்த்தி வைத்தால் இன்னொரு துண்டு கிடைக்கும். அவசரமாக வைத்தால் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும். திறமையான கட்டர் கையில் ஒரு தோல் எத்தனை ஜோடி தரும் என்பதும் புதியவர் கையில் எத்தனை ஜோடி தரும் என்பதும் வேறு வேறு. ஆகவே கழிவு உண்டு. எவ்வளவு என்பதைத் தோலுக்குத் தோல் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் விதியிலேயே 'இயல்பான கழிவுக்கு இடம் விட்டு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு சரக்கு என்று டி.ஜி.எஃப்.டி. ஒரு நிர்ணயப் பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளுக்கு ஏற்றுமதியாளரே கணக்குச் சொல்லலாம். ஒரு சார்ட்டர்டு இன்ஜினியர் சான்று கொடுப்பார். கையாண்ட சரக்குக்குப் பதிவேடு வைக்க வேண்டும். ஆடிட்டர் அதில் கையெழுத்துப் போடுவார்.

இங்கேதான் அந்த இளைஞர் வருகிறார். பி.காம். முடித்து, கம்ப்யூட்டரில் டாலி படித்து, எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். கட்டிங்கிலிருந்து வந்த சீட்டில் ஜோடிக்கு 2 சதுர அடி என்று இருக்கிறது. பதிவேட்டில் எழுத வேண்டியதோ 2¼ என்று முன்பே தீர்மானமாகி இருக்கிறது. "சார், சீட்டுல வேற இருக்கே?" என்று கேட்கிறார். "தம்பி, போன லைசென்ஸ்ல என்ன போட்டமோ அதையே போடு. வேஸ்டேஜ்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று பதில் வருகிறது. சத்தம் இல்லை, மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. ஒரு கால் சதுர அடி, 'வேஸ்டேஜ்' என்ற பெயரில், அமைதியாகப் பிறக்கிறது.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ஜோடி. ஜோடிக்குக் கால் சதுர அடி என்றால் 25,000 சதுர அடி தோல். சதுர அடி 150 ரூபாய் என்றால் 37,50,000 ரூபாய்ச் சரக்கு. 10 விழுக்காடு வரி என்றால் 3,75,000 ரூபாய். அந்தத் தோல் குப்பையில் கிடக்கவில்லை. நல்ல தோலாக, முழுத் தோலாக, பில் இல்லாமல் உள்ளூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறது. அந்த வரியின் மேல் இன்னொரு 10 விழுக்காடும் உண்டு: 37,500 ரூபாய். 2018 முதல் சுங்க வரியோடு சேர்த்து வாங்கும் சமூக நலக் கூடுதல் வரி அது. எதற்காக வாங்குகிறார்கள்? கல்விக்கும் மருத்துவத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்தியது கொள்ளைக்காரன் அல்ல. நல்ல சட்டை போட்ட ஒரு கையெழுத்து.

"சார், இது சின்னத் தொகை" என்பீர்கள். தொகை சின்னதுதான். அதைத் தொட்ட விரல்கள் எத்தனை? எழுதியவர், எழுதச் சொன்னவர், சான்று தந்த இன்ஜினியர், கையெழுத்திட்ட ஆடிட்டர், காகிதத்தைத் துறைமுகத்தில் நகர்த்திய கிளியரிங் ஏஜென்ட், பில் இல்லாமல் வாங்கிய வியாபாரி. படித்தவர்கள் அத்தனை பேரும் பொய் என்று தெரிந்தே ஒரு பொய்யைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால், அந்தப் பொய் சின்னதாக எப்படி இருக்கும்?

இதற்கு நேரடியாக அடிபடுகிறவர் யார் தெரியுமா? அரசாங்கம் அல்ல. பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ இருக்கும் சின்ன டேனரிக்காரர். 2021 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சில வகைத் தோல்களுக்கு இருந்த இறக்குமதி வரிவிலக்கை எடுத்தார். அவற்றை இங்கேயே, பெரும்பாலும் சிறு குறு தொழில்கள், நல்ல தரத்தில் போதுமான அளவு செய்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். அதாவது அந்த வரி ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். வரியில்லாத தோலைக் கழிவுக் கணக்கில் உள்ளே விடுகிறவர் அந்தச் சுவரில் ஓட்டை போடுகிறார். டேனரிக்காரர் விலை குறைத்து விற்கிறார். பிறகு ஆளைக் குறைக்கிறார். பிறகு பதனிடும் டிரம்மை நிறுத்துகிறார். 'மார்க்கெட் சரியில்லை' என்று அவரும் நினைத்துக்கொள்கிறார். மார்க்கெட் சரியாகத்தான் இருந்தது. யாரோ ஒருவரின் பதிவேடு சரியில்லை.

யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இதில் பெரிய சோதனை. 2011 முதல் சுங்கத்தில் சுயமதிப்பீடு வந்துவிட்டது. இறக்குமதி செய்கிறவரே தன் சரக்கு என்ன, மதிப்பு என்ன, வரி எவ்வளவு, எந்த விலக்கு பொருந்தும் என்று சொல்லிக்கொள்ளலாம். நம்பகமானவர் என்று சான்று பெற்ற ஏ.இ.ஓ. நிறுவனங்களின் பெட்டிகள் அதிகம் திறக்கப்படாமலே வெளியே போகின்றன. ஆபீசர் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்த காலம் போனது. போனது நல்லது, அந்தக் காலத்தில் மூட்டையோடு வேறு பலவும் அவிழ்ந்தன. ஆனால் அதிகாரியின் கண் விலகிய இடத்தில் இப்போது என்ன நிற்கிறது? உங்கள் வாக்கு. வேறு ஒன்றும் இல்லை.

பலர் இந்த இடத்தில் வானத்தைப் பார்க்கிறார்கள். "நான் எவ்வளவோ தர்மம் செய்கிறேன், மேலே இருப்பவனுக்குத் தெரியும்." கோயில் கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெயர், பள்ளிவாசல் கட்டட நிதியில் பெயர், சர்ச் கோபுரத் திருப்பணியில் பெயர். மதத்துக்கு மதம் பழக்கம் ஒன்றேதான். கேட்கிறேன்: பொதுப்பணத்தில் எடுத்த 3,75,000 ரூபாயில் 50,000 ரூபாயை உண்டியலில் போட்டால் மீதி சுத்தமாகிவிடுமா? யாரிடம் எடுத்தீர்களோ அவரிடம் திருப்பித் தருவதல்லவா பரிகாரம்? பணத்தை இழந்தவர் ஒருவர், மன்னிப்புக் கேட்கப்படுகிறவர் வேறொருவர் என்றால், அந்த மன்னிப்பை இழந்தவர் எப்போது கொடுத்தார்? கட்டிங் மெஷினுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கிறோம். அந்த மெஷின் என்ன வெட்டியது என்று எழுதுகிற பதிவேட்டுக்கு உண்மையை வைக்க மாட்டோம் என்றால், வணங்கியது எதை?

1973 டிசம்பர் 24 அன்று பெரியார் இறந்தது இந்த வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில். ஈரோட்டில் பெரிய வணிகக் குடும்பத்தில் பிறந்து, தானும் வியாபாரம் பார்த்தவர். கொள்முதல் என்றால் என்ன, கணக்கு என்றால் என்ன என்று அறிந்த மனிதர். நரகம் இல்லை என்று சொன்னவர், அதனால் திருடலாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பாருங்கள்: நரகம் இல்லை என்றால் உங்கள் பொறுப்பு கூடுகிறதா, குறைகிறதா? கடைசி நாளில் ஒருவர் வந்து எல்லாக் கணக்கையும் நேர்செய்வார் என்று நம்புகிறவர் இன்றைய கணக்கைத் தள்ளிப்போடலாம். அப்படி யாரும் வரப்போவதில்லை என்று அறிந்தவர் தள்ளிப்போட முடியாது. நேர்செய்ய நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

தோலின் கழிவைப் பற்றி இவ்வளவு பேசினேன். ரசாயனத்தின் கழிவு எங்கே போனது?

அதே அனுமதியின் கீழ் பதனிடும் ரசாயனமும் வரியில்லாமல் வரலாம். அதற்கும் இயல்பான கழிவு உண்டு. வழக்கமான குரோம் பதனிடலில் டிரம்மில் போடும் குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு வெளியே வரும். சுங்கப் பதிவேட்டில் அது 'வேஸ்டேஜ்' என்ற ஒரு சொல். பாலாற்றுக் கரையில் அது கெட்டுப்போன கிணறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற ஆய்வு அதில் பதிவானது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றப்பட்டது நம் ஆற்றின் பேரில்தான். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். 28 ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் உத்தரவு போட வேண்டி வந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு அவர்களைத் தேடிப் படுக்கைக்கே வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கிலோ ரசாயனம் துறைமுகத்தில் இறங்கியதிலிருந்து ஷூவாகிக் கப்பல் ஏறும்வரை அதை எண் போட்டுத் துரத்துகிற ஓர் அரசு இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், பாண்டு, பதிவேடு, ஆடிட்டர் சான்று. அதே கிலோவில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுப் பக்கம் திரும்பும்போது மட்டும் அந்த அரசின் பார்வை மங்கிவிடுவது ஏன்? வரி சம்பந்தப்பட்டதை டெசிமீட்டர் கணக்கில் அளக்கத் தெரிந்தவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்டதை அளக்கத் தெரியாதா?

இன்னொரு கழிவு இருக்கிறது. அது எந்தப் பதிவேட்டிலும் வராது.

மொக்காசின் வகை ஷூவின் அப்பரைக் கையால் தைக்க வேண்டும். ஆம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஏஜென்ட் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஊசியும் நூலும் சேர்ந்து வரும். தைத்ததை எண்ணி எடுத்துப் போவார். தடித்த தோலில் ஊசியை ஏற்றி, நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். தளர்ந்தால் ரிஜெக்ட். விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள், நூல் அறுத்த கோடுகள், குனிந்து குனிந்து பிடித்துக்கொண்ட கழுத்து, மாலை மங்கும்போது கூசும் கண். கூலி ஜோடிக்குச் சில ரூபாய். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனியின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. மடியில் கிடக்கும் அந்தத் தோல் எந்த லைசென்ஸில் இறங்கியது, எந்தத் தேதிக்குள் கப்பல் ஏற வேண்டும் என்று ஓர் ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தைத்தவர் யார் என்று எந்த ஆபீஸிலும் எழுதி வைக்கவில்லை. தோலுக்கு இருக்கிற அடையாளம் பெண்ணுக்கு இல்லை என்றால், நாம் எதைப் பாதுகாக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

"வரிவிலக்கையும் தொழிலாளர் நலனையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்? சுங்கம் வேறு, தொழிலாளர் துறை வேறு" என்று சட்டம் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த முடிச்சை நான் புதிதாகப் போடவில்லை.

1988 மார்ச் 1 அன்று சுங்கத் துறை 64/88 என்ற அறிவிக்கையை வெளியிட்டது. மருத்துவமனைகள் வெளிநாட்டுக் கருவிகளை வரியில்லாமல் இறக்கலாம், நிபந்தனை என்ன? வெளிநோயாளிகளில் குறைந்தது 40 விழுக்காட்டினருக்கு இலவச சிகிச்சை. மாதம் 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 விழுக்காடு படுக்கைகள். கவனியுங்கள்: கருவியைப் பற்றிய நிபந்தனை அல்ல அது, மனிதரைப் பற்றிய நிபந்தனை. பாகாயத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களை மறுபடி வாழப் பழக்கும் மறுவாழ்வு மையம், மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966-லிருந்து இந்த ஊரில் இருக்கிறது. சரியான நேரத்தில் சரியான கருவி கிடைப்பது ஓர் ஏழைக்கு என்ன என்று இங்கே கண்ணால் கண்டிருக்கிறோம்.

நாட்டில் நடந்தது என்ன? பல மருத்துவமனைகள் வரிவிலக்கை எடுத்துக்கொண்டன, ஏழையை எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ் கொடுத்த துறை, கொடுத்ததோடு மறந்தது. வழக்குகள் வந்தன. 1996 டிசம்பரில் மெடிவெல் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மிக முக்கியமானது: இந்த நிபந்தனை இறக்குமதி அன்றோடு முடிகிற ஒன்றல்ல, தொடர்ந்து நிறைவேற்ற வேண்டிய கடமை. மாதம் எத்தனை பேருக்கு சிகிச்சை தந்தோம், அதில் 40 விழுக்காடு ஏழைகள் என்பதை உள்ளூர்ப் பத்திரிகையில் மாதாமாதம் வெளியிட வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1994 மார்ச்சில், அந்த அறிவிக்கையே விலக்கப்பட்டுவிட்டது. ஏமாற்றியவர்கள் சேர்ந்து ஒரு நல்ல விதியைக் கொன்றார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அடுத்து வந்த ஏழைக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அரசின் பங்கையும் சொல்லாமல் போகக் கூடாது. இந்த விதிகளை ஒருவர் நேர்மையாகப் பின்பற்றுவதற்கே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. 2017 அக்டோபர் 13 முதல் 2019 ஜனவரி 9 வரை 'முதலில் இறக்கு, பிறகுதான் ஏற்று' என்று ஒரு நிபந்தனை இருந்தது. முன்பே ஏற்றிவிட்டுச் சரக்கைப் பின்னால் இறக்கியவர்கள், ஒரு சதுர அடிகூடத் திருடாதவர்கள், அதில் சிக்கினார்கள். 2023 ஏப்ரல் 28 அன்று காஸ்மோ ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது. அதே ஆண்டு அதே மாதம், ஏற்றுமதி வாக்கை நிறைவேற்றாதவர்களுக்கு வட்டியில் சலுகை தந்து ஒருமுறைத் தீர்வுத் திட்டமும் வந்தது. மோசடி வழக்கில் இருப்பவர்களை அதில் சேர்க்கவில்லை என்பது ஆறுதல். இருந்தாலும், விதியின் நுணுக்கத்தில் தவறியவருக்கும் வாக்கையே தவறவிட்டவருக்கும் வித்தியாசம் காட்டாத அரசு, மூன்றாவதாக ஒருவரை உருவாக்குகிறது: "எப்படியும் மாட்டத்தானே போகிறோம், அதற்குத் திருடிவிட்டே மாட்டலாமே" என்று நினைக்கிறவரை. அவரை மன்னிக்க நான் தயாராக இல்லை. அவரை வளர்த்தவர்களையும் விடத் தயாராக இல்லை.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்பது ஒரு வாதமா? எல்லோரும் செய்திருந்தால் பேரணாம்பட்டு டேனரிக்காரரும் செய்திருப்பார். அவர் செய்யவில்லை, அதனால்தான் அவர் நஷ்டத்தில் இருக்கிறார். "ஆயிரம் பேருக்கு வேலை தருகிறேன்" என்பது ஒரு வாதமா? வேலை தருவதற்குத்தானே வரியே விலக்கப்பட்டது? கூலியாக ஏற்கெனவே வாங்கிய ஒன்றைக் காட்டி இன்னொரு முறை கேட்க முடியாது. "நான் வெறும் கிளார்க், சொன்னதை எழுதினேன்" என்பதற்கு மட்டும் நான் கொஞ்சம் தயங்குகிறேன். சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறது, தெரியும். ஆனாலும் தம்பி, எழுதியது உன் கை. மறுக்க முடியாத நாளில் குறைந்தது கேட்கவாவது கேள். கட்டிங் சீட்டை நகல் எடுத்து வை. "சார், இந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன என்று மெயிலில் போட்டுவிடுங்கள்" என்று பணிவாகச் சொல். வாயால் சுலபமாகச் சொல்கிற பொய்யை எழுத்தில் போட எல்லோருக்கும் துணிவு வருவதில்லை. ஆடிட்டருக்கும் இன்ஜினியருக்கும் அந்தத் தயக்கம்கூட என்னிடம் இல்லை. உங்கள் முத்திரையை நம்பித்தான் ஒரு நாடு பெட்டியைத் திறக்காமல் விடுகிறது. கட்டிங் அறைக்குப் போகாமல் கழிவுக்குச் சான்று தருகிறவர் படித்த படிப்பு எதற்கு?

2025 பட்ஜெட்டில், குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் வெட் புளூ தோலுக்கான அடிப்படைச் சுங்க வரி முழுதாக விலக்கப்பட்டது. பதனிட்டு உலர்த்திய, மெருகேற்றாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் போனது. உள்நாட்டு வேலைவாய்ப்புக்காகவும் சிறு டேனரிகளுக்காகவும் என்றார் நிதியமைச்சர். அதே பட்ஜெட்டில், சலுகை வரியில் இறக்கிய சரக்கைப் பயன்படுத்தி முடிக்கத் தந்த ஆறு மாதத்தை ஓர் ஆண்டாக நீட்டினார்கள். மாதாமாதம் தர வேண்டிய அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை என்று குறைத்தார்கள். நல்லது. தொழிலின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் காலாண்டு அறிக்கையில் இறக்கிய அளவு, பயன்படுத்திய அளவு, இருப்பு என்று பத்திகள் இருக்கின்றன. இன்னும் நான்கு பத்திகளைச் சேர்க்கச் சொல்கிறேன்: இந்தச் சரக்கைக் கொண்டு வேலை செய்தவர்களில் எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டப்பட்டது, வீட்டிலிருந்து தைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு ஜோடிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, வெளியேறிய கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை கிலோலிட்டர் போனது. கம்பெனியிடம் இந்த எண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. ஏஜென்டுக்குப் பணம் கொடுத்த வவுச்சர் இருக்கிறது, சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர் இருக்கிறது, பி.எஃப். சலான் இருக்கிறது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, விதியில் ஒரு திருத்தம் போதும். நிரப்பிய படிவத்தை யாரும் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள், ஆம்பூர்த் திண்ணையில் இருப்பவர் தன் பேரன் போனில் தமிழில் தேடிப் பார்க்கும்படி. அடுத்த காலாண்டுக்குள் இதைச் செய்துவிடலாம்.